சன்னல் இல்லாத குடிசை

பலூலே முகாமில் மின்சாரம் கிடையாது. பொழுது சாயும் நேரத்தில், முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி மண்ணெண்ணெய் அரிக்கேன் விளக்குகளைத் துடைத்து, திரியைச் சரிசெய்து, ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார். மொத்தம் ஆறு குடிசைகள். வட்டச் சுவர், கூம்புக் கூரை, ஒரு கதவு. சன்னல் இல்லை. பக்கத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளக் கொஞ்சம் இடம். சுற்றிலும் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா, ஏறக்குறைய இருபதாயிரம் சதுர கிலோமீட்டர் காடு.

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானும், டர்பனில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய தமிழ் உறவுப் பெயர்களிலும் சாப்பாட்டுப் பெயர்களிலும் சாமி பாட்டிலும் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, மற்றதெல்லாம் ஆங்கிலம். இரண்டு இரவு கூடாரத்தில் தங்கிப் பறவை பார்ப்பது எங்கள் திட்டம். பறவை பார்க்கச் சௌகரியமான முகாம்கள் க்ரூகரில் எத்தனையோ உண்டு. மலைமுகட்டிலிருந்து ஆற்றைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம், குளிர்சாதன அறையில் தூங்கலாம். ஆனால் பலூலேதான் வேண்டும் என்று அண்ணா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

காரணத்தை வழியில் சொல்லவில்லை. கூடாரத்தை அடித்து முடித்த பிறகு, பூட்டாமல் கிடந்த ஒரு குடிசையின் கதவைத் தள்ளி உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். பிப்ரவரி அங்கே கோடைக்காலம். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது: "ஒன்பது வயசுல இங்கதான் படுத்தேன் தம்பி. அப்பா ராத்திரி முழுக்க ஒரு அட்டையால எங்களுக்கு விசிறிக்கிட்டே இருந்தார்."

நிறவெறி ஆட்சிக்காலத்தில் பலூலே, வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட முகாம். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லோருக்கும் இந்தச் சன்னலில்லாத குடிசைகள். அண்ணாவின் தந்தையும் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்தில் நேட்டால் மாகாணத்து இந்தியர் டிரான்ஸ்வால் மாகாணத்துக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். 1975 வரை இந்த நிலைமைதான். சீட்டு வாங்கி, கார் ஒன்றை இரவல் வாங்கி, ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் வந்திருக்கிறார். வழியில் ஒரு முகாமின் உணவகத்தில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அவர் பார்க்க வந்தது சிங்கத்தை அல்ல, பறவைகளை.

அதற்கு ஆதாரமாக ஒரு பள்ளிக்கூட நோட்டை அண்ணா கையோடு கொண்டுவந்திருந்தார். அரிக்கேன் வெளிச்சத்தில் பிரித்துக் காட்டினார். மை பழுப்பேறிப்போன ஆங்கில எழுத்தில் வரிசையாகப் பறவைப் பெயர்கள், பார்த்த இடம், நேரம். ஒரு பக்கத்தில், ஊதா மார்புப் பனங்காடை என்று இன்று நாம் சொல்லக்கூடிய பறவையின் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில், அடித்துத் திருத்தித் தமிழில் ஒரு சொல்: பனங்காடை. டர்பனில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கொஞ்ச காலம் படித்தவர் அண்ணாவின் தந்தை. அந்தச் சொல்லை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று அண்ணாவுக்குத் தெரியவில்லை. 1860ஆம் ஆண்டு நவம்பரில் டர்பனில் கரைசேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் யாரோ ஒருவர் வாய்வழியே அந்தச் சொல் வந்திருக்க வேண்டும். நான் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பேனா அழுந்திய பள்ளம் இன்னும் தாளில் இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வேலியை ஒட்டி ஒரு கழுதைப்புலி போவதும் வருவதுமாக இருந்தது. ஆற்றில் நீர்யானைகள் உறுமின. இதையெல்லாம் மீறி ஒரு சின்ன ஆந்தை, சாண் உயரம்கூட இருக்காது, சில விநாடிகளுக்கு ஒருமுறை 'ப்ர்ரூ' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. பகலில் அதை மரப்பட்டையிலிருந்து பிரித்தறிய முடியாது. இரவில் அந்தக் குரலால் காடு முழுவதையும் அளந்துகொண்டிருக்கிறது. 'மனிதச் சுவடே படாத காடு' என்று சுற்றுலா விளம்பரங்களில் நான் படித்திருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். அந்தச் சொல் பொய் என்று அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது. அது தெரியாமல் சொன்ன பொய்யும் அல்ல.

க்ரூகர் காட்டில் மனிதச் சுவடு இருந்தது. அழிக்கப்பட்டது. 1898இல் டிரான்ஸ்வால் அரசு சபி ஆற்றங்கரையில் ஒரு காப்பகத்தை அறிவித்தது. 1902இல் அதன் காவலராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்டன், உள்ளே வாழ்ந்த மக்களை வெளியேற்றினார். அதனால் உள்ளூர் மக்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்குகூசா. துடைத்துப் பெருக்கியவன் என்றும், எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டியவன் என்றும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இன்று பூங்காவின் மிகப் பெரிய முகாமுக்கும் அதன் விமான நிலையத்துக்கும் அதுவே பெயர். வெளியேற்றப்பட்டவர்கள் வைத்த பெயரைத்தான், அதன் பொருள் தெரியாமலே, அங்கே தங்க வருபவர்கள் தினமும் உச்சரிக்கிறார்கள். 1926இல் தேசியப் பூங்கா பிறந்தது. மறு ஆண்டு மூன்றே மூன்று கார்கள் வந்தன. இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வருகிறோம்.

வடகோடியில், லிம்போபோவும் லுவுவ்ஹுவும் கூடுகிற பஃபூரிப் பகுதியில் மக்குலேக்கே மக்கள் வாழ்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலேயே பறவை பார்ப்பவர்கள் கோயிலுக்குப் போவதுபோலப் போகும் இடம் அது. மஞ்சள் பட்டைக் காய்ச்சல் மரக்காடும், பெருத்த பாவோபாப் மரங்களும், மீன் பிடிக்கும் பெரிய ஆந்தையும் அங்கே உண்டு. 1969இல் அந்த மக்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றினார்கள். தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர் இப்படித் தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள். ஆட்சி மாறிய பிறகு அவர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள், 1998இல் கிடைத்தது. அப்படிக் கிடைத்த நிலத்தில் அவர்கள் வீடு கட்டித் திரும்பியிருக்கலாம், உழுதிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் காட்டைக் காடாகவே வைத்துக்கொள்வது, பூங்காவோடு ஒப்பந்தம் போட்டு அதை உரிமையாளராக நடத்துவது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். காட்டுக்கு இவர்களால் ஆபத்து என்று சொல்லித்தானே விரட்டினார்கள்? அந்தக் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடிகாலை, முகாம் கதவு திறக்கும் ஐந்தரை மணிக்கே காரைக் கிளப்பினோம். பூங்காவுக்குள் குறிப்பிட்ட சில இடங்கள் தவிர வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. சன்னல் கண்ணாடியை இறக்கி, பைனாகுலரைக் கதவின்மேல் ஊன்றிக்கொண்டுதான் பறவை பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் அண்ணா கையைத் தூக்கினார். எஞ்சினை அணைத்தேன். அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற ஓர் ஒலி, தூரத்தில் யாரோ காலிப் பீப்பாயைக் கையால் தட்டுவதுபோல. ஒரு குரல் நிற்க இன்னொரு குரல் சற்றே உயர்ந்த சுருதியில் எடுத்துக்கொடுத்தது. தரை இருவாச்சிகள். அந்தக் குரல் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் கேட்கும்.

பத்து நிமிடம் கழித்து அவை சாலைக்கே வந்தன. வான்கோழி அளவுள்ள, கரிய பறவைகள் நான்கு. முகமும் தொங்கும் தொண்டைப்பையும் செம்பருத்திச் சிவப்பு. நம் காடுகளின் இருவாச்சிபோல உச்சிக்கிளையில் பழம் தேடுவதில்லை இவை. புல்லைக் கிளறி வெட்டுக்கிளி, பல்லி, பாம்பு, ஆமை என்று பிடித்துத் தின்றபடி நடந்தே போகும். நான்கில் ஒன்று காருக்கு இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நீண்ட இமைமயிர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. நான்கின் பின்னால் ஐந்தாவதாக ஒன்று வந்தது. அதன் முகத்தில் சிவப்பு இல்லை, மங்கிய சாம்பல் மஞ்சள். வாயைத் திறந்து ஓயாமல் இரந்துகொண்டே வந்தது. கூட்டைவிட்டுக் கிளம்பிச் சில வாரமே ஆன குஞ்சு. பெரியவற்றில் ஒன்று அலகில் குறுக்காகப் பிடித்திருந்த ஏதோ ஒன்றை அதன் வாயில் வைத்தது.

அந்தக் குஞ்சின் விலை என்ன என்று தெரிந்தால்தான் அந்தக் காட்சி புரியும். ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு ஜோடிதான் முட்டையிடும். மற்றவை எல்லாம் இரை கொண்டுவந்து ஊட்டும் உறவுகள். பெரிய மரப்பொந்தில் சில நாள் இடைவெளியில் இரண்டு முட்டை. முதல் குஞ்சு பொரிந்து வளரத் தொடங்கிவிடும். பிந்திப் பொரிந்த குஞ்சு பட்டினி கிடந்து சில நாளில் செத்துவிடும். இப்படி ஒரு கூட்டம் ஒரு குஞ்சைப் பறக்கும் நிலைவரை வளர்த்தெடுக்கச் சராசரியாக ஒன்பது ஆண்டு ஆகிறது. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பறவை அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. எப்படியும் சாகப்போகிற இரண்டாவது குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்துக் கூட்டங்களில் சேர்க்கும் வேலையை மபூலா தரை இருவாச்சித் திட்டத்தினர் செய்கிறார்கள். பொந்துள்ள பெரிய மரங்கள் குறைந்த இடங்களில் செயற்கைக் கூடுகளையும் கட்டிவைக்கிறார்கள். ஆனால் இந்தப் பறவையை நெடுங்காலம் காத்தது எந்தத் திட்டமும் அல்ல. மழையைக் கொண்டுவரும் பறவை, இதைக் கொன்றால் கேடு சூழும் என்று தென்னாப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைச் சுமந்த மக்களைத்தான் காட்டிலிருந்து பெருக்கித் தள்ளினார்கள்.

அண்ணா நோட்டைப் புரட்டினார். அவர் தந்தையும் இந்தப் பறவையைப் பார்த்திருக்கிறார். ஆறு பறவை என்று எழுதியிருந்தார். குஞ்சைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மத்தியானம் சாலையோரம் ஒட்டகச்சிவிங்கி ஒன்று இறந்துகிடந்தது. சிங்கங்கள் தின்றுவிட்டுப் போயிருந்தன. வெண்முதுகுப் பாறுகள் நாற்பதுக்குக் குறையாது; இளஞ்சிவப்புத் தலையோடு பெரும்பாறு ஒன்று நடுவில் வந்து இறங்கியதும் மற்றவை விலகி வழிவிட்டன. அழகான காட்சி என்று சொல்ல மாட்டேன். நாற்றம் குமட்டியது. ஆனால் அந்த உடலைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கி, நோய் பரவாமல் காட்டைக் கழுவிவிடுகிற வேலையை வேறு எந்த உயிரும் இந்த வேகத்தில் செய்யாது.

இந்தப் பாறுகளை நஞ்சு வைத்துக் கொல்கிறார்கள். யானையையோ காண்டாமிருகத்தையோ கள்ளத்தனமாகக் கொல்பவர்களுக்குப் பாறு ஒரு துரோகி. வானத்தில் அவை வட்டமிடத் தொடங்கினால் வனக்காவலர்களுக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் செத்த யானையின் உடலிலேயே பூச்சிக்கொல்லியைக் கலந்துவிடுகிறார்கள். 2019 ஜூனில் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் மூன்று யானை உடல்களில் வைத்த நஞ்சுக்கு 537 பாறுகள் பலியாயின. 2025 மே மாதம் இதே க்ரூகரில் ஒரு யானை உடலில் வைத்த நஞ்சுக்கு 123. உயிர் மிச்சமிருந்த எண்பதுக்கும் மேற்பட்டவற்றை வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றிக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை இது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் இழந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட அதற்கு வழியே இல்லை. பாறு உறுப்புகளை நாட்டு மருந்துக்கு வாங்குவோரும் இருக்கிறார்கள். பாறின் மூளை, வரப்போவதை முன்கூட்டிக் காட்டும் என்று ஒரு நம்பிக்கை.

இந்த இடத்தில் ஒரு தமிழனுக்கு, பாறுகள் மிஞ்சியிருக்கிற நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. நம் நாட்டில் யாரும் பாறைக் கொல்ல நினைக்கவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாட்டின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மாயாற்றில் மிஞ்சியவை மிஞ்சியிருப்பதற்குத் தடை உத்தரவு மட்டும் காரணமாகிவிடாது. மாடு செத்தால் புதைக்காமல் விடுகிற, எந்த ஊசி போட்டோம் என்று யோசித்துப் பார்க்கிற மாட்டுக்காரர்கள் ஒத்துழைத்தால்தான் பாறு பிழைக்கும்.

முதல் நாள் ஜோகன்னஸ்பர்க்கைத் தாண்டிய புல்வெளியில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த அமூர் வல்லூறுகளும் இதையேதான் சொல்கின்றன. கிழக்கு சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, இந்தியாவின் குறுக்கே பறந்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் கடந்து தெற்கு ஆப்பிரிக்காவுக்கு வரும் பறவை அது. புறா அளவுகூட இராது. 2012இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கக் கரையில் அவற்றை வலை வைத்து ஆயிரமாயிரமாகப் பிடித்தார்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மறு ஆண்டே பங்தி முதலிய கிராமங்கள் இனிப் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தன, பிடிக்கவும் இல்லை. யாரையும் காலி செய்யவில்லை, வேலி போடவில்லை. அங்கே அந்த மக்கள் வேறு முடிவு எடுத்திருந்தால் க்ரூகர் போகும் வழியில் என் கண்ணுக்கு அந்தக் கம்பி வெறும் கம்பியாகத்தான் இருந்திருக்கும்.

நான் வனக்காவலர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. காண்டாமிருகத்துக்காக உயிரைப் பணயம் வைத்து இரவெல்லாம் நடக்கிறவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் வேலிக்கு வெளியே உள்ள அதே கிராமங்களின் பிள்ளைகள். நஞ்சு வைப்பவனை மன்னிக்கவும் சொல்லவில்லை. ஆனால் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய கிராமங்களில் வாழும் லட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் இந்தக் காட்டுக்குள் ஒரு முறையாவது பார்வையாளராக வந்திருப்பார்கள்? நுழைவுக் கட்டணமும் வண்டியும் இல்லாதவனுக்கு இது இன்றும் அடைத்த கதவுதான். தன் பாட்டன் புதைந்த மண்ணை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் ஒருவனிடம் போய், பாறு உன் செல்வம், காப்பாற்று என்று கேட்கும் தகுதி நமக்கு எப்படி வரும்? நூறாண்டுக்கு முன் பெருக்கித் தள்ளியதற்கான வட்டியை இப்போது பறவைகள் கட்டிக்கொண்டிருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

பாறுக் கூட்டத்தில் ஒன்றன் இறக்கையில் மஞ்சள் நிற அட்டை தெரிந்தது. ஆய்வாளர்கள் மாட்டிய எண். பறவை இறக்கையை மடக்க, எண் மறைந்தது. அது மறுபடி விரிக்கும்வரை அண்ணா இருபது நிமிடம் பைனாகுலரை இறக்கவே இல்லை. கடைசியில் எண்ணை வாசித்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அந்த எண்ணை எங்கே, எப்போது பார்த்தோம் என்று தெரிவித்தால், அந்தப் பாறு அன்றுவரை உயிரோடிருந்தது என்பது பதிவாகும். தந்தையின் நோட்டில் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. அதில் ஒன்றில் தேதியிட்டு அந்த எண்ணைத் தன் கையால் மறுபடி எழுதினார்.

இரண்டு நாளில் நாங்கள் பார்த்தவை நூற்றுப்பன்னிரண்டு வகை. க்ரூகரில் ஐந்நூறுக்கும் மேல் உண்டு. ஞாயிறு காலை கூடாரத்தைச் சுருட்டிக் கட்டும்போது நீல இறக்கை மின்ன ஒரு காட்டு மீன்கொத்தி வேலிக்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பராமரிப்புப் பெண்மணி அரிக்கேன் விளக்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் ஊர் எங்கே என்று அண்ணா கேட்டார். வேலிக்கு வெளியே இருபது மைல் தள்ளி என்றார். பூங்காவுக்குள் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். வேலைக்கு வந்த இடங்கள் மட்டும்தான் என்றார்.

தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் க்ரூகருக்குச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது அதிகம். போங்கள், போக வேண்டிய இடம். ஒரே ஓர் இரவாவது பலூலேயில் தங்குங்கள். வடக்கே போக முடிந்தால், மக்குலேக்கே மக்களின் நிலத்தில் அவர்களுக்கே வருமானம் போகும்படி தங்குங்கள். இறக்கையில் எண் கட்டிய பாறைப் பார்த்தால் பொறுமையாக இருந்து எண்ணைப் படித்துத் தெரிவியுங்கள். அதற்கெல்லாம் முன்னால், அந்த வட்டக் குடிசைகளில் ஒன்றின் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் உள்ளே நின்றுவிட்டு வாருங்கள்.